பெயரும் சாட்சியமும்: ஜிட்கலா-ஷாவின் வாழ்வும் ஒக்லஹோமா விசாரணையும்

முன்னுரை

அமெரிக்கத் தொல்குடி எழுத்தாளர்களுள் ஜிட்கலா-ஷா (1876–1938) இரு பெயர்களால் அறியப்படுபவர். இலக்கிய வரலாறு, 1900ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்று தன்வரலாற்றுக் கட்டுரைகளின் ஆசிரியராக ஜிட்கலா-ஷா என்னும் பெயரில் அவரை நினைவுகொள்கிறது. அரசியல் வரலாறு, தொல்குடியினரின் உரிமைக்காக வாஷிங்டனில் இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்தவராகக் கெர்ட்ரூட் சிம்மன்ஸ் பான்னின் என்னும் பெயரில் அவரைக் குறிக்கிறது. எழுத்தாளர் ஒருவர், போராளி ஒருவர் என இரு வேறு மனிதர்களைப் பற்றிப் பேசுவதுபோல இவ்விரு பகுதிகளும் பெரும்பாலும் தனித்தனியே ஆராயப்பட்டு வந்துள்ளன. 1923 இறுதியில் ஒக்லஹோமா மாநிலத்தில் அவர் மேற்கொண்ட விசாரணையும், அதன் பயனாக 1924இல் வெளிவந்த சிறுநூலும் இப்பகுப்பைப் பொருந்தாததாக்குகின்றன. எண்ணெய் நிலத்துக்கு உரியவர்களாகப் பிறந்ததனாலேயே வதைக்கப்பட்ட தொல்குடிச் சிறுமியரையும் பெண்களையும் பற்றி அவர் அதில் எழுதிய பக்கங்கள், தம் எட்டாம் அகவையைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களின் தொடர்ச்சியாகவே அமைகின்றன. அவருடைய வாழ்வு இங்கு அந்நோக்கிலேயே கூறப்படுகிறது.

தமிழில் வழங்கும் செவ்விந்தியர் என்னும் சொல், ஒரு மக்களைத் தோல்நிறத்தால் பெயரிட்ட ஐரோப்பிய வழக்கின் மொழிபெயர்ப்பு. ஆதலின் இங்குத் தொல்குடியினர் என்னும் சொல்லே ஆளப்படுகிறது. சட்டங்கள், அமைப்புகள், நூல்கள் ஆகியவற்றின் பெயர்களில் மட்டும் இந்தியர் என்னும் சொல் உள்ளவாறே நிற்கிறது.

பிறப்பும் பள்ளியும்

1876 பிப்ரவரி 22 அன்று, இன்றைய தெற்கு டகோட்டா மாநிலத்திலுள்ள யாங்டன் ஒதுக்கிடத்தில் அவர் பிறந்தார். தாய் யாங்டன் டகோட்டா குடியைச் சேர்ந்தவர். வெள்ளையரான தந்தை குடும்பத்தை விட்டு நீங்கிவிட்டமையால் குழந்தை தாயின் நிழலிலேயே வளர்ந்தது. மிசௌரி ஆற்றங்கரையில் தாயுடன் தண்ணீர் சுமந்ததையும், மணிவேலைப்பாடு கற்றதையும், இரவில் முதியோர் கூறிய பழங்கதைகளைக் கேட்டதையும் பின்னாளில் அவர் விரிவாக எழுதினார். ஆயினும் அந்த இளமைச் சித்திரம் கவலையற்ற ஒன்றன்று. அதன் தொடக்கப் பகுதியிலேயே தாயின் கண்ணீர் வருகிறது. தம் மக்கள் சொந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்ட பயணத்தில் மூத்த மகள் நோயுற்று இறந்ததையும், சிறுமியின் மாமனும் அவ்வாறே மடிந்ததையும் தாய் மகளுக்குச் சொல்கிறாள். நிலம் பறிபோவதும் ஒரு பெண் குழந்தை சாவதும் ஒரே நிகழ்வின் இரு கூறுகள் என்பது அவ்வெழுத்தின் முதற் பக்கங்களிலேயே நிலைநிறுத்தப்பட்டுவிடுகிறது. ஒக்லஹோமாச் சிறுநூலைப் படிப்போர் இவ்விடத்தை நினைவில் கொள்ளுதல் நன்று.

1884இல் சமயப் பணியாளர் சிலர் ஒதுக்கிடத்துக்கு வந்து, கிழக்கே சிவந்த ஆப்பிள்கள் விளையும் நாடு உள்ளது என்று கூறிக் குழந்தைகளை அழைத்தனர். தாய்க்கு மனமில்லை. மகளின் பிடிவாதமும், வெள்ளையர் தம் மக்களுக்குப் பட்ட கடனைக் கல்வியாகவேனும் தீர்க்கட்டும் என்ற எண்ணமும் சேர்ந்தே அவரை இசையச் செய்தன. எட்டு அகவைச் சிறுமி இந்தியானா மாநிலத்து வாபாஷ் ஊரில் குவேக்கர் சமயத்தார் நடத்திய உறைவிடப் பள்ளிக்கு இரயிலேறினாள்.

பள்ளியில் நேர்ந்தவற்றுள் முடி வெட்டப்பட்ட நிகழ்ச்சியே மிகுதியும் பேசப்படுவது. டகோட்டா மரபில் துக்கம் காப்போரே முடியைக் குறுக்கிக்கொள்வர். கோழைகளாகிப் பகைவரிடம் பிடிபட்டோரின் முடியையே பிறர் வெட்டுவர். சிறுமி மாடியறை ஒன்றில் கட்டிலுக்கடியில் ஒளிந்தாள். இழுத்து வரப்பட்டு நாற்காலியில் கட்டப்பட்டாள். கத்தரிக்கோலின் குளிர்ச்சியைக் கழுத்தில் உணர்ந்தாள். கணவனை இழந்த மகளிர் கூந்தல் களையும் காட்சிகளைப் புறநானூற்றில் பயின்றவர்க்கு, இச்செயல் ஒரு குழந்தையின் மேல் எத்தகைய சாவுக்குறியை ஏற்றியது என்பதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. இங்கு அவர் கையாண்ட எழுத்துமுறை கருதத்தக்கது. உறைவிடப் பள்ளிக் கொள்கையைப் பற்றிப் பொதுவாக ஒரு வரியும் சொல்லாமல், ஒரு குழந்தையின் உடலுக்கு நேர்ந்ததை வரிசை பிறழாமல் சொல்லி, தேற்றுவார் எவருமின்றி அவள் அழுததோடு நிறுத்திவிடுகிறார். குற்றச்சாட்டு எழுதப்படுவதில்லை, அது வாசகரிடம் உருவாகிறது.

பேச்சு மேடையும் எழுத்தும்

1895இல் பள்ளிக் கல்வி முடித்து, அதே மாநிலத்து எர்லாம் கல்லூரியில் சேர்ந்தார். 1896இல் இந்தியானாபொலிஸ் நகரில் நடைபெற்ற மாநிலப் பேச்சுப்போட்டியில் கல்லூரியின் சார்பில் மேடையேறினார். எதிர்க் கல்லூரி மாணவர் சிலர், தொல்குடிப் பெண் ஒருத்தியின் கேலிச்சித்திரம் தீட்டிய பெரிய துணியை அரங்கில் தொங்கவிட்டனர். அதில், தொல்குடிப் பெண்களைக் குறிக்க வெள்ளையர் வழங்கிய இழிசொல்லால் அவர் கல்லூரி பழிக்கப்பட்டிருந்தது. அவர் இரண்டாம் பரிசு பெற்றார். அவ்விழிசொல் கூட்டாட்சி அரசின் ஏறத்தாழ 650 இடப்பெயர்களில் நிலைத்திருந்து, 2022இல்தான் நீக்கப்பட்டது. பெண்களின் மீதான வன்முறைக்கும் அவர்களைக் குறிக்கும் சொற்களுக்கும் உள்ள உறவு, சொல்லாய்வாளர் தொடர வேண்டிய களம்.

உடல்நலக் குறைவால் கல்லூரிப் படிப்பு நின்றது. 1897 முதல் பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1879இல் படைவீரர் குடியிருப்பு ஒன்றில் ரிச்சர்ட் ஹென்றி பிராட் நிறுவிய அப்பள்ளி, தொல்குடிக் குழந்தைகளை அவர்தம் மொழியிலிருந்தும் வழக்கங்களிலிருந்தும் பிரித்தெடுப்பதைக் கொள்கையாகக் கொண்டது. பள்ளிக்குப் பிள்ளைகளைத் திரட்டி வருமாறு பிராட் அவரை மேற்கே அனுப்பினார். சொந்த ஊரில் அவர் கண்டது, இடிந்துகொண்டிருந்த தாயின் வீட்டையும், குடியின் நிலத்தை ஒட்டிக் குடியேறிக்கொண்டிருந்த வெள்ளையரையும். சிவந்த ஆப்பிள்களின் கதையைப் பிற குழந்தைகளுக்குத் தாமே சொல்லும் நிலைக்கு வந்துவிட்டதை உணர்ந்த அவர் கார்லைலை விட்டு நீங்கிப் பாஸ்டன் நகரில் வயலின் பயிலலானார்.

1900 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில் மூன்று கட்டுரைகள் வெளியாயின. ஜிட்கலா-ஷா என்னும் பெயர் அச்சில் நிலைபெற்றது அப்போதுதான். லகோட்டா மொழியில் சிவப்புப் பறவை எனப் பொருள்படும் இப்பெயர் பெற்றோர் இட்டதன்று. சிம்மன்ஸ் என்பது தாயின் முந்தைய கணவரது குடும்பப்பெயர். குடும்பத்தாரின் விருப்பத்துக்கு மாறாகப் படிக்கச் சென்றதனால் எழுந்த பூசலில், அப்பெயருக்கு அவர் உரியவரல்லர் என்று அண்ணன் மனைவி கடிந்துகொண்டதாகவும், அதன்பின் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டதாகவும் அவரே கடிதமொன்றில் எழுதியுள்ளார். பெயர் என்பது பிறர் பறிக்கவும் தாம் எடுத்துக்கொள்ளவும் கூடிய ஒன்று என்ற அறிவு அவருக்குப் பட்டறிவாகவே வந்தது.

1901இல் 'பழைய இந்தியக் கதைகள்' என்னும் தொகுப்பு வெளிவந்தது. கார்லைல் பள்ளியின் இதழ் அவரது எழுத்தை நன்றிகொன்ற செயல் எனக் கடிந்தது. 1902இல் யாங்டன் குடியினரான ரேமண்ட் பான்னினை மணந்து, யூட்டா மாநிலத்து யூயிண்டா-யூரே ஒதுக்கிடத்துக்குச் சென்றார். அங்கு வாழ்ந்த பதினான்கு ஆண்டுகளில் அச்சேறிய எழுத்து குறைவு. வில்லியம் ஹேன்சன் என்னும் இசையாசிரியருடன் சேர்ந்து ஆக்கிய 'சூரிய நடன' இசைநாடகம் 1913இல் வெர்னல் நகரில் அரங்கேறியது மட்டும் இங்குக் குறிக்கத்தக்கது.

வாஷிங்டனில்

1916இல் அமெரிக்க இந்தியர் சங்கத்தின் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் குடும்பம் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. சங்க இதழின் ஆசிரியப் பொறுப்பும் அவரிடம் வந்தது. இக்காலத்தில் அவர் மேற்கொண்ட ஒரு நிலைப்பாடு அவரைப் போற்றுவோரால் விரைந்து கடக்கப்படுவது. பெயோட்டே என்னும் கள்ளிவகையைச் சடங்கில் உட்கொள்ளும் வழிபாட்டைத் தடைசெய்ய வேண்டும் என்று 1918இல் நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் சாட்சியம் அளித்தார். தொல்குடியினரின் சமய உரிமைக்காகப் பேசிய மானிடவியலாளர் ஜேம்ஸ் மூனி அவரை எதிர்த்தார். சாட்சியத்தின்போது அவர் அணிந்த உடை பல குடிகளின் கூறுகள் கலந்த ஒன்று என்றும் மூனி சுட்டினார். தம் குடியின் சமயத்தைப் பழிப்போர்க்கு 1902இல் விடையிறுத்தவர், பிற குடிகளின் சமய வழக்கை ஒடுக்க அரசின் கையை நாடினார் என்பது மறைக்கத்தக்கதன்று. அவருடைய நம்பிக்கைகள் ஒரே கோட்டில் செல்பவையல்ல. கூட்டாட்சி அரசின் பள்ளிக் கொள்கையைக் கண்டித்த அவரே, ஒக்லஹோமாவில் அதே அரசின் அதிகாரத்தை வேண்டி நின்றார். அதன் காரணத்தை அறிய, அம்மாநிலத்தில் சட்டம் இயங்கிய முறையை முதலில் காண வேண்டும்.

நிலம் சொத்தான வரலாறு

செரோக்கி, சாக்டா, சிக்கசா, கிரீக், செமினோல் ஆகிய ஐந்து குடியினரும் தென்கிழக்கு மாநிலங்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் விரட்டப்பட்டு, பின்னர் ஒக்லஹோமாவான நிலப்பகுதியில் குடியேற்றப்பட்டவர்கள். அங்கு நிலம் குடிக்குப் பொதுவாக இருந்தது. 1898ஆம் ஆண்டின் கர்ட்டிஸ் சட்டம் அதைத் தனித்தனி ஆள்களுக்குப் பங்கிட வழிசெய்தது. பச்சிளங் குழந்தையும் ஒரு பங்கின் உரிமையாளர் ஆயிற்று. 1905இல் டல்சா அருகே கிரீக் நிலத்தில் பெரும் எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. 1907இல் ஒக்லஹோமா மாநிலமாயிற்று. 1908 மே 27ஆம் நாளைய கூட்டாட்சிச் சட்டம், ஐந்து குடியினருள் வயதுக்கு வராதோரின் சொத்துகளை மாநிலக் கவுண்டி நீதிமன்றங்களின் ஆளுகைக்கு மாற்றியது.

கொடுமையின் வேர் இந்த மாற்றத்தில் உள்ளது. கவுண்டி நீதிபதி தேர்தலில் வாக்குப் பெற்று வருபவர். பாதுகாவலரை அமர்த்துபவரும் அவரே. வணிகர், வழக்கறிஞர், வங்கியாளர் எனத் தேர்தலில் துணைநின்றோர் தொல்குடிக் குழந்தைகளின் பாதுகாவலர் ஆயினர். அவர்களுக்கான கட்டணமும் வழக்கறிஞர் கட்டணமும் குழந்தையின் சொத்திலிருந்தே எடுக்கப்பட்டன. வயது வந்த தொல்குடியினரும் திறனற்றோர் என அறிவிக்கப்பட்டால் அதே பிடிக்குள் வந்தனர். ஒருத்தியின் நிலத்தில் எண்ணெய் ஊறினால் அவளுடைய அறிவாற்றல் ஐயத்துக்குரியதாயிற்று.

இதை முதலில் எதிர்த்தவர் பான்னின் அல்லர். மாநிலத்தின் அறப்பணி, சீர்திருத்தத் துறை ஆணையராக 1907இல் தேர்தலில் வென்ற கேட் பர்னார்ட், மரப்பொந்து ஒன்றில் உறங்கி, பண்ணைவீடுகளில் இரந்து உண்டு வாழ்ந்த மூன்று தொல்குடிச் சிறாரைக் கண்டறிந்தார். அவர்கள் எண்ணெய் நிலத்துக்கு உரியவர்கள். அனாதைக் குழந்தைகளின் சொத்துக்காக அவர் வழக்குகள் தொடுத்தபோது, மாநிலச் சட்டமன்றம் அவரது துறைக்கான நிதியை முடக்கி அவரை வீழ்த்தியது. அண்டையிலுள்ள ஓசேஜ் குடியினர் 1920களில் எண்ணெய்ப் பங்குக்காக ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்ட செய்தி அண்மையில் நூலாலும் திரைப்படத்தாலும் உலகறிந்ததாயிற்று. ஐந்து குடிகளின் சிறுமியர்க்கு நேர்ந்தது அந்த அளவுக்கு அறியப்படவில்லை. துப்பாக்கி அங்குப் பெரும்பாலும் தேவைப்படவில்லை. நீதிமன்ற முத்திரையே போதுமானதாக இருந்தது.

மூன்று பெண்கள்

பெண்கள் மன்றங்களின் பொதுக் கூட்டமைப்பு 1921இல் தொடங்கிய இந்தியர் நலக்குழுவின் ஆய்வாளராகப் பான்னின் 1923 இறுதியில் ஒக்லஹோமா சென்றார். இந்தியர் உரிமைச் சங்கத்தின் மேத்யூ ஸ்னிஃபன், அமெரிக்க இந்தியர் பாதுகாப்புக் கழகத்தின் சார்ல்ஸ் ஃபேபன்ஸ் ஆகியோர் உடன் சென்றனர். மூவரும் சேர்ந்து எழுதிய 'ஒக்லஹோமாவின் ஏழைச் செல்வ இந்தியர்' 1924இல் ஃபிலடெல்ஃபியாவில் வெளியிடப்பட்டது. நாற்பது பக்கத்துக்கு உட்பட்ட அச்சிறுநூல் சட்டப்படி நடைபெறும் கொள்ளை என்று அந்நிலையைத் தலைப்பிலேயே அடையாளப்படுத்தியது.

நூலின் பெரும்பகுதி கணக்குகளாலும் நீதிமன்றப் பதிவுகளாலும் ஆனது. சொத்தை மேலாண்மை செய்யும் செலவு என்ற பெயரில் அதன் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் விழுங்கப்பட்டதை அது காட்டுகிறது. இடையில் நடை மாறுகிறது. இவ்விசாரணையின் சில கூறுகளைப் பெண்ணொருவரே நன்கு எடுத்துரைக்கக்கூடும் என்று கூறி, மூன்று நிகழ்வுகளைப் பான்னினின் பொறுப்பில் விடுகின்றனர் பிற இருவரும். இந்த ஒதுக்கீட்டைப் பெண்ணின் மென்மைக்குத் தரப்பட்ட இடம் என்று கொள்ள வேண்டியதில்லை. அப்பெண்கள் ஆண் விசாரணையாளரிடம் சொல்லக்கூடியவை அல்ல அச்செய்திகள். அவர்கள் எதிர் அமர்ந்து கேட்கக்கூடியவர் அம்மூவருள் அவர் ஒருவரே.

ஒரு நிகழ்வு கிரீக் இளம்பெண் ஒருத்தியைப் பற்றியது. பதினெட்டு அகவை நிறைந்தால் தன் நிலத்தைத் தானே விற்கும் உரிமை அவளுக்கு வரும். அந்நாளுக்குச் சற்று முன்னர் அவள் கடத்தப்பட்டு அண்டை மாநிலமான மிசௌரிக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். அங்கு அடைத்து வைக்கப்பட்டு, மது அருந்திய ஒருவனால் இரவுதோறும் பாலியல் வன்முறைக்கு உள்ளானாள். வயது நிறைந்ததும் நிலத்தை எழுதிக்கொடுக்கும் ஆவணங்களில் அவளது கையொப்பம் பெறப்பட்டது. உருவில் சிறுத்த அப்பெண் அச்சம் நீங்காமல் தாழ்ந்த குரலில் பேசியதையும், சொல் எழாமல் அவளைத் தாம் அணைத்துக்கொண்டதையும் பான்னின் எழுதினார். கணக்குகளுக்கு நடுவே விசாரணையாளரின் கை ஒருத்தியின் தோளைச் சுற்றும் அந்த இடம் அறிக்கை இலக்கணத்துக்குப் புறம்பானது. வாபாஷ் பள்ளியில் எவரும் தேற்றாத சிறுமியை அறிந்தவர்க்கு அது அவ்வாறு தோன்றாது.

அப்பெண்ணின் முழுப்பெயரும் சிறுநூலில் அச்சாயிற்று. இது எளிதில் தீர்ப்பளிக்கத்தக்க செயலன்று. பெயர் சொல்லாத குற்றச்சாட்டு புனைவு எனத் தள்ளப்பட்டிருக்கும். பாதுகாவலரும் நிறுவனமும் பெயர் சுட்டப்பட்டதனாலேயே மறுக்க முடியாதவர் ஆயினர். ஆயினும் வன்முறைக்கு உள்ளானவளின் பெயரைப் பொதுவெளியில் நிறுத்தும் இசைவு அவளிடம் எந்த அளவில் பெறப்பட்டது என்பதைச் சிறுநூல் பேசவில்லை. இக்காரணத்தால் அப்பெயர் இங்குத் தவிர்க்கப்படுகிறது.

மற்றொரு நிகழ்வில் பெயரைத் தவிர்ப்பது மறதிக்கே துணைபோவதாகும். லெட்சி ஸ்டெச்சி சாக்டா குடியைச் சேர்ந்த ஏழு அகவைச் சிறுமி. மக்கர்ட்டன் கவுண்டியில் ஸ்மித்வில் ஊருக்கு அப்பால், குன்றுப்பகுதிக் குடிசையொன்றில் பாட்டியுடன் வாழ்ந்தாள். தாய்வழி வந்த நிலத்தில் எண்ணெய் இருந்தது. வங்கியாளர் ஒருவர் அவளுக்குப் பாதுகாவலர் ஆனார். குழந்தைக்கும் பாட்டிக்கும் கடையொன்றில் மாதம் சில டாலர் மதிப்புக்குப் பொருள் வாங்கும் அளவே படியாக ஒதுக்கப்பட்டது. 1923இல் பாட்டி அவளை ஐடபெல் நகருக்குக் கொண்டுவந்தபோது, ஊட்டக்குறைவும் மலேரியாவும் அவளை உருக்கியிருந்தமை மருத்துவப் பரிசோதனையில் தெரிந்தது. சில வாரச் சிகிச்சையும் உணவும் அவளைத் தேற்றின. வீலாக் என்னும் தொல்குடியினர் பள்ளியில் சேர்க்கப்பட்டாள். ஒருநாள்கூட அங்கு நிலைக்கவிடாமல் பாதுகாவலரின் ஆள் வந்து அவளைக் கொண்டுசென்றார். அவ்வாண்டு ஆகஸ்டில், பாட்டிக்கு அவள் இறந்த செய்தி வந்தது. அவளுடைய மக்கள் அச்சாவை இயல்பானதாக நம்பவில்லை. உடல் அடக்கம் செய்யப்படுமுன்னரே அவள் சொத்துக்கான போட்டி தொடங்கிவிட்டது.

மூன்றாம் நிகழ்வு ஷானி குடியைச் சேர்ந்த தாய் ஒருத்தியினுடையது. பெருஞ்செல்வத்துக்கு உரியவளாயிருந்தும், பாதுகாவலர் மனமிரங்கித் தருவதை எதிர்பார்த்துப் பிள்ளைகளுடன் வறுமையில் உழன்றாள். கடத்தலும் சாவும் இல்லாத இவ்வரலாறு முன்னிரண்டின் அருகே வைக்கப்பட்டமை காரணம் உடையது. ஒருத்தியின் பணத்துக்கு அவளையே இரவலர் ஆக்குவதும் அதே வன்முறை வரிசையில் வைத்து எண்ணப்பட வேண்டியது என்று பான்னின் கருதினார்.

கவுண்டி நீதிமன்றப் பதிவேடுகளில் இம்மூவரும் சொத்துகள். ஏக்கர், கட்டணம், மீதித்தொகை என்பன அங்கு அவர்களின் வரலாறு. பான்னினின் பக்கங்களில் உடல்கள் வருகின்றன: மெலிந்த கைகால்கள், தாழ்ந்த குரல், குன்றின்மேல் தனித்து நிற்கும் கிழவி. 1900இல் தம் கழுத்தில் பட்ட கத்தரிக்கோலைச் சொன்ன அதே முறைதான் இது. அன்று சான்றும் சாட்சியும் அவரே. இப்போது பிறர்க்குச் சாட்சியானார்.

சிறுநூலுக்குப் பின்

சிறுநூலின் கோரிக்கை தெளிவானது: ஐந்து குடியினரின் சொத்துகளின் மீதான அதிகாரம் கவுண்டி நீதிமன்றங்களிடமிருந்து அகற்றப்பட்டு உள்துறையிடம் தரப்பட வேண்டும். நாடாளுமன்றத்தில் விசாரணை நடைபெற்றது. மாநில அரசியலாளரின் எதிர்ப்பு வலியதாக இருந்தது, அதிகாரம் மாறவில்லை. 1924 ஜூனில் தொல்குடியினர் அனைவரும் அமெரிக்கக் குடிமக்கள் எனச் சட்டம் வந்தது. அவர் நெடுநாள் வேண்டிய உரிமை அது. ஓசேஜ் கொலைகளைத் தொடர்ந்து, தொல்குடியினர் அல்லாதோர் ஓசேஜ் சொத்துக்கு வாரிசாவதை 1925ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது. ஐந்து குடிகளின் நிலையில் அத்தகைய உறுதியான மாற்றம் நிகழவில்லை. 1947ஆம் ஆண்டின் சட்டமும் அச்சொத்துகளின் மீதான ஆளுகையை மாநில நீதிமன்றங்களிடமே விட்டது.

ஆவணம் என்ற நிலையில் சிறுநூல் வாழ்ந்தது. ஐந்து குடியினரின் நிலப்பறிப்பை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஏஞ்சி டீபோ அதனைச் சான்றாகக் கொண்டார். வாழ்ந்துகொண்டிருந்த செல்வாக்கர் பலரைப் பெயர் சொல்லிக் குறித்த அவருடைய நூலை வெளியிட ஒக்லஹோமா பல்கலைக்கழக அச்சகம் பின்வாங்கியது. 1940இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. பான்னினும் உடன்சென்ற இருவரும் எழுப்பிய சட்ட வினா இன்னும் உயிரோடுள்ளது. கிரீக் ஒதுக்கிடம் ஒருபோதும் சட்டப்படி கலைக்கப்படவில்லை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. அதனால் மாநிலத்தின் குற்றவியல் அதிகாரம் சுருங்கியது. 2022இல் அதே நீதிமன்றம், ஒதுக்கிடத்தில் தொல்குடியினர்மேல் பிறர் இழைக்கும் குற்றங்களை மாநிலமும் விசாரிக்கலாம் என்று ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் கூறியது. அவ்வழக்கில் கொடுமைக்கு உள்ளானவள், டல்சாவில் ஊட்டமின்றி உருக்குலைந்த நிலையில் கண்டெடுக்கப்பட்ட ஐந்து அகவைச் செரோக்கிச் சிறுமி. குடிகளின் அரசுகள் மாநிலத்தின் வாதத்தை எதிர்த்தன. அவற்றின் நினைவில் 1908ஆம் ஆண்டு உண்டு.

1926இல் பான்னின் கணவருடன் சேர்ந்து அமெரிக்க இந்தியர் தேசியக் கழகத்தை நிறுவி இறுதிவரை அதன் தலைவராக இருந்தார். இருவரும் ஒதுக்கிடம் ஒதுக்கிடமாகச் சென்று முறையீடுகளைக் கேட்டு, அவற்றை எழுதி, அலுவலகம் அலுவலகமாகக் கொண்டுசேர்த்தனர். பணம் எப்போதும் போதவில்லை. புனைவிலக்கியத்துக்கு அவர் மீளவில்லை என்று வருந்தும் ஆய்வாளர் உளர். முறையீட்டை எழுதுவதும் எழுத்துத்தான் என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை.

1938 ஜனவரி 26 அன்று வாஷிங்டனில் அவர் காலமானார். தேசியக் கழகமும் அவரோடு முடிந்தது. மருத்துவமனைக் குறிப்பு அவரைத் தெற்கு டகோட்டாவைச் சேர்ந்த கெர்ட்ரூட் பான்னின், இல்லத்தரசி என்று பதிவு செய்தது. அவ்வாண்டே நியூயார்க்கில் 'சூரிய நடன' இசைநாடகம் மீண்டும் மேடையேறியபோது, ஆக்கியோராக ஹேன்சன் ஒருவரே குறிக்கப்பட்டார். முதல் உலகப்போர்க் காலத்தில் படைத்தலைவராகப் பணியாற்றிய ரேமண்ட் பான்னினின் மனைவி என்ற உரிமையில் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். கல்லில் கெர்ட்ரூட் சிம்மன்ஸ் பான்னின் என்னும் பெயருடன், அவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.